பளிச்சுனு இருந்த வீடு

அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கலாமா கண்ணு? வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது. ஆங், போதும் போதும். காத்தும் வேணுமில்ல.

நீ ஆத்தூர்லதான ஏறின? நான் மொதல் ஸ்டாப்புல இருந்தே உக்காந்திருக்கேன். மெட்ராசுக்குத்தான். ஒரு பவுண்டேஷன் ஆபீசு. பேரெல்லாம் வேண்டாம் விடு, பெரிய கம்பெனிக்காரங்க, தர்மத்துக்குன்னு தனியா வச்சு நடத்தறாங்க. அவங்களப் பாக்கப் போறேன். அவங்க வரச் சொல்லல. நானாத்தான் போறேன். போன் பண்ணினா ஒரு பொண்ணு எடுத்து, "மேடம், உங்களுக்கு மெயில்ல பதில் அனுப்பியாச்சே"ங்கறா. மெயில் வந்துச்சும்மா, அதத்தான் தப்புங்கறேன்னு சொன்னா, "நோட் பண்ணிக்கறேன் மேடம்"னு வச்சிடறா. என்னத்த நோட் பண்ணுவாளோ.

எனக்கு ஒரு வீடு இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் பின்னாடி தெரு. எங்க வீட்டுக்காரர், திருஞானம்னு பேரு, இன்சூரன்சு ஏஜெண்டா இருந்தார், அவர் கட்டின வீடு. கிட்னி கெட்டுப்போயி ரொம்ப நாளு அந்த ஆஸ்பத்திரியிலதான் கெடந்தார். நான் கூட இருந்தேன். எனக்கென்ன, ரெண்டு எட்டு வச்சா வீடு. குளிச்சிட்டுத் துணி மாத்திட்டு சோறாக்கி எடுத்துட்டுப் போவேன். மத்தவங்க பாவம். அரூர், கள்ளக்குறிச்சி, மலைமேல இருந்தெல்லாம் வருவாங்க. பொம்பளைங்க வார்டுன்னா ஆம்பளைங்க உள்ள தங்க முடியாது, பாக்கற நேரத்துக்கு மட்டும்தான் விடுவாங்க. மத்த நேரமெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாப் படுத்துக் கெடப்பாங்க. மழ பேஞ்சா எந்திரிச்சு நிப்பாங்க. அவ்வளவுதான். அவர் போனதுக்கப்பறம் எனக்கு அந்த வீட்ல தனியா இருக்கப் பிடிக்கல. கீழ் வீட்டத் தொறந்து விட்டுட்டேன். நோயாளிங்களுக்குத் துணைக்கு வந்தவங்க யாரு வேணா தங்கலாம், சமைச்சுக்கலாம், காசு கிடையாது. திருஞானம் அறக்கட்டளைன்னு பதிவு பண்ணி, போர்டு மாட்டினேன். கூடமாட ஒத்தாசைக்கு சரோஜான்னு ஒருத்தி இருந்தா. சமையக்கட்டு, கணக்கு, சண்ட வந்தா வெலக்கி விடறது, எல்லாம் அவதான்.

நான் கொஞ்சம் சுத்தம் பாக்கறவ. அதச் சொல்லிடறேன். வாசல்ல துணி காயப்போடக் கூடாது, வெத்தல போட்டுத் துப்பக் கூடாது, படுத்து எந்திரிச்சா பாயச் சுருட்டி மூலைல வச்சிடணும். இதெல்லாம் போர்டுலயே எழுதி வச்சிருக்கேன். யாரும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க. "சரிங்கம்மா"ம்பாங்க. அவ்ளோ மரியாத என்மேல.

இப்ப என்னாச்சுன்னா, அந்த வீட்ல பாதி என் கொழுந்தனாருக்குப் பாத்தியம். இத்தன நாளு சும்மா விட்டு வச்சிருந்தார். இப்ப ஒரு ஸ்கேன் சென்டர்காரங்க கேக்கறாங்க, நல்ல வாடகை. "அண்ணி, நானும் புள்ளகுட்டிக்காரன். அந்த வாடகைய நீங்க குடுத்துட்டா உங்களுக்கே விட்டுடறேன். இல்லன்னா தை பொறந்ததும் சாவியக் குடுத்துடுங்க"ன்னுட்டார். அவரையும் தப்பு சொல்ல முடியாது. நான் எங்க போவேன் அவ்ளோ வாடகைக்கு? அப்பதான் எங்க ஆடிட்டர், இந்த மாதிரி ஒரு பவுண்டேஷன் இருக்கு, வாடகை, சம்பளம், கேஸ் சிலிண்டர் வரைக்கும் குடுப்பாங்க, அப்ளிகேஷன் போட்டுப் பாக்கலாம்னார்.

அந்த அப்ளிகேஷன் இருக்கே கண்ணு. எல்லாம் கம்ப்யூட்டர்ல. வருமான வரிக்காரங்க சர்டிபிகேட்டு, ஆடிட் ரிப்போர்ட்டு, பான் கார்டு எல்லாம் குடுத்தாச்சு. அது பரவால்ல. கேள்விதான் புரியல. உங்கள் பணியால் சமூகத்தில் ஏற்பட்ட மாற்றம் என்ன? முன்னூறு வார்த்தைக்குள்ள சொல்லணுமாம். நான் என்ன மாத்தினேன்? ராத்திரி படுக்க எடம் குடுத்தேன். காலைல எந்திரிச்சு அவங்கவங்க ஆளப் பாக்கப் போவாங்க. இதுல என்ன மாற்றம்? ஆடிட்டரே சிரிச்சிக்கிட்டு ஏதோ இங்கிலீஷ்ல நெரப்பி அனுப்பிட்டார். ரெண்டு மாசம் சத்தமே இல்ல. அப்பறம் ஒரு நாள், உங்க விண்ணப்பம் மொதல் கட்டத்துல தேறிடுச்சு, எங்க ஆபீசர் நேர்ல வந்து பார்வையிடுவாங்கன்னு மெயில். எனக்குக் கைகாலு ஓடல. சரோஜா போயி சாமிக்குச் சூடம் ஏத்திட்டு வந்தா.

ஒன்னு சொல்லணும். இதுக்கு முன்னால ஒரு சங்கத்துக்காரங்க உதவி பண்றோம்னு வந்தாங்க. நான் ஒன்னும் ஏற்பாடு பண்ணி வைக்கல, அப்பிடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அன்னைக்குப் பாத்து வீடு நெறைய கூட்டம். கொடியில ஈரத்துணி. ஒரு கொழந்த கூடத்துலயே வாந்தி எடுத்து வச்சிருந்துச்சு. ஒரு கெழவர் சட்டையில்லாம குறுக்கால படுத்திருக்கார். வந்த அம்மாங்க வாசப்படி தாண்டல. கைக்குட்டைய மூக்குல வச்சிக்கிட்டு, ஒரு மூட்ட பழைய சேலைய எறக்கிட்டுப் போய்ட்டாங்க. எனக்கு மானம் போயிடுச்சு. அன்னைக்கே முடிவு பண்ணினேன், இனிமே யாரு வந்தாலும் வீடு கண்ணாடி மாதிரி இருக்கணும்னு.

புதன்கெழம வர்றாங்கன்னு தெரிஞ்சதும் செவ்வாக்கெழம எல்லாரையும் உக்கார வச்சுப் பேசினேன். இந்த மாதிரி பெரிய எடத்துலருந்து வர்றாங்க, நல்லபடியா முடிஞ்சா வீடு நமக்கு நெலைக்கும்னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. நாளைக்கு ஒரு பொழுதுக்கு மட்டும் வெளிய இருந்துக்கிறீங்களான்னு கேட்டேன். கட்டாயப்படுத்தல கண்ணு. கேட்டேன், அவ்வளவுதான். சடையன்னு ஒருத்தர், கல்வராயன் மலைக்காரர், அவர்தான் மொதல்ல எந்திரிச்சார். "நாங்க பார்க்குல போயி உக்காந்துக்கறம்மா. வேலயப் பாருங்க"ன்னார். சரோஜா மட்டும், "எதுக்குக்கா, இருக்கட்டுமே, ஆளு இருந்தாத்தான வீடு"ன்னா. நான், உனக்கு அந்தக் கைக்குட்டக்காரி மூஞ்சி மறந்துடுச்சான்னு கேட்டேன். தொடப்பத்த எடுத்துக்கிட்டுப் போய்ட்டா.

அன்னைக்கு அவங்க செஞ்ச வேலைய நீ பாக்கணுமே! பொம்பளைங்கல்லாம் சேந்து தரையத் தேச்சுக் கழுவினாங்க. சடையன் கெணத்துத் தண்ணி எறச்சு எறச்சு ஊத்தினார். அடுப்புக் கரியெல்லாம் போயி பாத்திரம் பளபளன்னு ஆயிடுச்சு. மறுநா காலைல பாயி, தலகாணி, மூட்ட முடிச்சு எல்லாத்தையும் மாடில என் ரூமுக்குக் கொண்டாந்து அடுக்கிப் பூட்டினேன். சார்ஜுல கெடந்த போனையும் ஒயரோட சேத்து அள்ளி மேல போட்டுட்டேன். ஒயரு தொங்கினா அசிங்கமா இருக்குமில்ல. சடையன் போனும் அதுல இருந்துருக்கு. அவரும் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.

அந்தச் சடையனப் பத்திச் சொல்லணும். அவர் பொண்டாட்டி ராமாயி, வயித்துல கட்டி, பொம்பளைங்க வார்டுல இருந்துச்சு. மக இருக்கா, பச்ச ஒடம்பு, மலையிலருந்து எறங்க முடியல. அதனால இவர் ஒருத்தர்தான். காலைலயும் சாயங்காலமும் உள்ள விடும்போது கஞ்சி கொண்டு போயி ஊட்டிட்டு வருவார். மத்த நேரமெல்லாம் எங்க வீட்லதான். வார்டுல எல்லாருக்கும் இந்த வீடு தெரியும். எதாவது ஒன்னுன்னா மொதல்ல போன் அடிப்பாங்க. எடுக்கலன்னா வார்டு ஆயா நேரா எங்க கேட்டுக்கே வந்துடும்.

அபர்ணான்னு பேரு அந்த ஆபீசர் மேடத்துக்கு. சின்ன வயசுதான், உன்னவிட கொஞ்சம் பெரியவளா இருப்பா. காட்டன் சேல, கையில ஒரு டேப்லெட்டு. செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தா. எனக்கு அதுவே சந்தோஷமா இருந்துச்சு. சுத்திப் பாத்துட்டு, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கம்மா"ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. தின்னத் தட்டுவட செட்டு வாங்கி வச்சிருந்தேன், டீயும் கடைல வாங்கியாந்து குடுத்தேன். டீ மட்டும் குடிச்சா.

"இப்ப தங்கியிருக்கறவங்களோட பேசலாமாம்மா?"ன்னா.

"எல்லாம் வெளிய போயிருக்காங்க மேடம்."

"ஒருத்தர்கூட இல்லையா?"

"அவங்கவங்களுக்கு வேல இருக்குமில்லங்க."

"எங்க படுப்பாங்க?"

"இதோ, இந்தக் கூடத்துலதான்."

அவ அந்தக் கூடத்தப் பாத்தா. தர கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு தலமுடி கெடையாது. சமையக்கட்டுக்குள்ள போனா. அடுப்பத் தொட்டுப் பாத்தா. அப்ப மேல இருந்து போன் அடிக்குது. மாடி ரூமுலருந்து. விட்டு விட்டு அடிக்குது. அடிச்சு நிக்குது, மறுபடி அடிக்குது. பூட்டின ரூமுக்குள்ள போனு அடிச்சா என்ன நெனப்பா? "பக்கத்து வீட்லங்க"ன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? அங்க எல்லா மூட்டையும் அடசலாக் கெடக்கு, தொறந்து காட்டவா முடியும்?

கொஞ்ச நேரத்துல கேட்டு சத்தம். பாத்தா வார்டு ஆயா. வாய் நெறைய வெத்தல, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு மூச்சு வாங்க நிக்குது. நான் ஓடிப்போயி கேட்டப் பாதி சாத்திக்கிட்டு என்னன்னேன். "சடையன் எங்கம்மா? அந்தப் பொம்பளைக்கு ஒரு மாதிரியா இழுக்குது. டாக்டர் கூப்புடுறார். ராமாயியும் அவரத்தான் கேக்குது, போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறார்"ங்குது. சத்தமாப் பேசுது கண்ணு. மெதுவாப் பேசுன்னா கேக்காது. நான், இப்ப இங்க யாரும் இல்ல, வந்ததும் அனுப்பறேன் போன்னேன். "எங்க போயிருக்காரு?"ன்னுச்சு. பார்க்குலதான் இருக்கார்னு எனக்குத் தெரியும். ஆனா பார்க்குல எதுக்கு உக்காந்திருக்கார்னு அது கேக்கும். அங்கயே நின்னு கேக்கும். அது அப்பிடித்தான். வருவார் போன்னு கேட்டச் சாத்திட்டேன்.

மேடம் உள்ள இருந்து, "யாருங்கம்மா?"ன்னா.

"வேற வீட்டத் தேடி வந்திருக்காங்க மேடம்."

ஒரு நிமிஷந்தான்னு நெனச்சேன். இவ கெளம்பினதும் நானே ஓடிப்போயிப் பார்க்குலருந்து கூட்டியாந்துடலாம், ஆட்டோ புடிச்சா எவ்ளோ நேரம் ஆகும்? ஆனா அவ கெளம்பல. வாசல்ல நிக்க வச்சுப் போட்டோ எடுத்தா. போர்டப் போட்டோ எடுத்தா. பத்திரத்தக் காட்டச் சொன்னா, கொழுந்தனார் பேரு எதுல வருதுன்னு கேட்டா. நடுவுல எப்பிடி எந்திரிச்சுப் போறது நீயே சொல்லு? சரோஜாகிட்ட கண்ணக் காட்டினேன். அவளுக்குப் புரியல. இல்ல, அவ பின்கட்டுல பாத்திரம் வெளக்கிட்டு இருந்தா, ஆயா வந்ததே அவளுக்குத் தெரியாதாம். அப்பறம்தான் சொன்னா.

மேடம் போனதும் சரோஜாவ ஓட விட்டேன். நானும் பின்னாலயே போனேன். பார்க்குல எல்லாரும் உக்காந்திருக்காங்க, சடையன் மட்டும் எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டார்னாங்க. பாக்கற நேரம் வந்துடுச்சுல்ல. நாங்க போறதுக்குள்ள ராமாயிக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. அவர் போறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. கட்டில் பக்கத்துல நிக்கறார் மனுஷன், தூக்குச் சட்டியக் கையில புடிச்சுக்கிட்டு. கடைக் கஞ்சி. அன்னைக்கு எங்க வீட்டு அடுப்பு பத்தவைக்கலன்னு கடைல வாங்கியிருக்கார்.

டாக்டர்கிட்ட நானே கேட்டேன். அவர் முன்னாடியே வந்திருந்தா எதாவது ஆகியிருக்குமா சார்னு. "ஒன்னும் ஆகியிருக்காதும்மா, முத்திப்போன கேஸு. பக்கத்துல இருந்திருப்பார், அவ்வளவுதான்"னார். பாத்தியா? டாக்டரே சொல்லிட்டார். ஒன்னும் ஆகியிருக்காது.

அந்தச் சடையன் ஒரு வார்த்த கொற சொல்லல கண்ணு. ஒரு வார்த்த. மூட்டைய எடுக்க வந்தார். நான் மாடியத் தொறந்து விட்டேன். போன எடுத்துப் பாத்தார், பாத்துட்டு ஜோப்புல போட்டுக்கிட்டார். தான் படுத்திருந்த எடத்துல தொடப்பத்த எடுத்து ஒரு தடவ கூட்டினார். ஏற்கெனவே கழுவி விட்ட தர அது. "வர்றம்மா"ன்னார். எவ்ளோ நல்ல மனசு இருந்தா அப்பிடிப் போவாங்க! வேற ஒருத்தரா இருந்தா கத்தியிருப்பாங்க. வண்டிக்குக் காசு குடுத்தேன், வாங்கிக்கல.

சரோஜா இப்பல்லாம் என்கிட்ட சரியாப் பேசறதில்ல. என்னடின்னா ஒன்னுமில்லக்காங்கறா. வேலயெல்லாம் ஒழுங்காத்தான் செய்யறா.

அப்பறம் வந்துச்சு அந்த மெயிலு. இங்கிலீஷ்ல. ஆடிட்டர் படிச்சுச் சொன்னார். நேரில் பார்த்த அளவில் இந்த வீடு தற்சமயம் பயன்பாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை, தேவை அதிகமுள்ள இடங்களுக்கே முன்னுரிமை, உங்கள் நற்பணி தொடர வாழ்த்துகள். பயன்பாட்டில் இல்லையாம்! எத்தன பேரு அந்தத் தரையில படுத்து எந்திரிச்சிருக்காங்க. எத்தன பேரு அந்த அடுப்புல கஞ்சி வச்சிருக்காங்க. சுத்தமா வச்சிருக்கீங்கன்னு அவ வாயாலதான சொன்னா? சுத்தமா வச்சது ஒரு குத்தமா? ஆடிட்டர் கம்ப்யூட்டர மூடி வச்சார். அப்பறம், "தங்கினவங்க யாரையாவது பேச வச்சு வீடியோ எடுத்துட்டு நேர்ல போயிப் பாருங்க. ஒத்துக்குவாங்களான்னு தெரியாது"ன்னார்.

யாரத் தேடறது? ஒடம்பு சரியானா ஊருக்குப் போயிடறாங்க, சரியாகலன்னாலும் போயிடறாங்க. யாரு எந்த ஊருன்னு யாரு கண்டா? எனக்குச் சடையன் ஒருத்தர்தான் தோணினார். ரொம்ப நாளு இருந்தவர். கொற சொல்லாத மனுஷன். போன வாரம் கெளம்பிப் போயிட்டேன். மலைக்கு வேன்ல போயி, எறங்கி நடந்து, மூட்டு வலியோட. அவர் மக வாசலுக்கு வந்தா, இடுப்புல கொழந்த. நான் இன்னார்னு சொன்னேன். ஒரு பார்வ பாத்துட்டு உள்ள போனவதான், நான் கெளம்பற வரைக்கும் வெளிய வரல. வெவரம் தெரியாத புள்ள.

சடையன் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தார். "சாப்ட்டீங்களாம்மா?"ன்னார். நான் எல்லாத்தையும் சொன்னேன். கொழுந்தனார், ஸ்கேன் சென்டரு, மெயிலு, ஆடிட்டர் சொன்ன வீடியோ, எல்லாம். சொல்லிட்டு அழுதுட்டேன். தை வந்தா பூட்டிடுவாங்க சடையா, எனக்கு வேற வழி தெரியலன்னேன். அவர் சொம்ப வாங்கிக் கீழ வச்சார்.

"இதக் காட்டினா வூடு தொறந்திருக்குமா?"

"தொறந்திருக்கும் சடையா."

"அப்ப எடுங்க"ன்னார். சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தார்.

இதோ, இதுதான். நீயே பாரேன். என் போன்ல சத்தம் கம்மியாத்தான் வரும், காதுல வச்சுக்க. 'என் பேரு சடையன். எங்கூட்டுக்காரி ராமாயி பெரியாஸ்பத்திரியில இருந்தப்ப நான் இந்தம்மா வூட்லதான் இருந்தன். படுக்கப் பாயி குடுத்தாங்க. கஞ்சி வைக்க அடுப்பு இருந்துச்சு. மழைக்கு நனையல. என்னாட்டம் நெறய பேரு இருந்தாங்க. அந்த வூடு இருக்கோணும்.' நல்லாருக்குல்ல? எவ்ளோ தெளிவாச் சொல்றார் பாரு. இது போதும். இதுக்கு மேல என்ன அத்தாச்சி வேணும் அவங்களுக்கு?

இரு இரு, இன்னும் முடியல. நிறுத்திடாத. நானும் முடிஞ்சிடுச்சுன்னுதான் போன எறக்கப் போனேன். அப்ப சொல்றார் பாரு.

'அவ கூப்புட்ட அன்னிக்கு மட்டும் பூட்டியிருந்துச்சு.'

கேட்டுச்சா? அத எதுக்குச் சொன்னார்னே தெரியல. கோவமாக்கூடச் சொல்லல. நான் இன்னொரு தடவ எடுக்கலாமான்னு கேட்டேன். "அவ்ளோதாம்மா"ன்னு எந்திரிச்சுப் போய் மாட்ட அவுக்க ஆரம்பிச்சிட்டார்.

அந்தக் கடைசிய மட்டும் வெட்டிடணும் கண்ணு. மேடம் பாத்தா கேப்பா, எந்த நாளு, என்ன பூட்டுன்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்? உன்ன மாதிரி புள்ளைங்களுக்கு இதெல்லாம் நொடியில வரும். ஆடிட்டர் ஆபீசுலயும் ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்தா, ரெண்டு பக்கமும் ஒரு கோடு வரும், அத இழுத்துட்டு வந்து விட்டுடணும்னா. நேத்து பூரா முயற்சி பண்ணிட்டேன். இருக்கோணும்ங்கற வரைக்கும் இழுத்துட்டு வந்துடறேன். அங்க வந்ததும் அவர் ஒரு மூச்சு விடறார் பாரு, அந்த எடத்துல எனக்குக் கை நின்னுடுது. விரல எடுத்துடறேன். எடுத்தா மறுபடி மொதல்லருந்து ஓட ஆரம்பிச்சிடுது.

இந்தா, நீயே இழு. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்.